பழைய டீசல் எஸ்.யூ.வி வாங்கப் போறீங்களா? உப்புக் காற்று, வெள்ள நீர், டெல்லி என்.ஓ.சி... குறைந்த விலைக்குப் பின்னால் இருப்பது என்ன?

திருவான்மியூர் தாண்டி ஈ.சி.ஆரில் கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை என்று போனால், பளபளவென்று துடைத்து நிறுத்திய பழைய எஸ்.யூ.விகளை ஆங்காங்கே பார்க்கலாம். "சிங்கிள் ஓனர் சார், டாக்டர் ஓட்டின வண்டி, அப்படியே எடுத்துட்டுப் போகலாம்." இந்த வசனத்தைக் கேட்காமல் சென்னையில் யாரும் பழைய கார் வாங்கியிருக்க முடியாது. சென்னையில் அத்தனை கார் ஓட்டும் டாக்டர்கள் இருக்கிறார்களா என்பது தனிக் கேள்வி!

தாத்தா, பாட்டி, குழந்தைகள் என்று ஆறேழு பேர் உள்ள குடும்பம், லீவு விட்டால் திருநெல்வேலிக்கோ கும்பகோணத்துக்கோ போக வேண்டும் என்றால், முதலில் கண்ணில் படுவது டீசல் எஸ்.யூ.விதான். புதிது வாங்கலாம் என்று பார்த்தால் விலை மட்டுமில்லை, வரியும் கையைக் கடிக்கிறது. 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் ஆயுள் வரி உயர்ந்தது. 10 முதல் 20 லட்சம் வரையிலான புதிய காருக்கு 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். 15 லட்ச ரூபாய் வண்டிக்கு ஆயுள் வரியே 2 லட்சத்து 70 ஆயிரம். தமிழ்நாட்டிலேயே பதிவான பழைய வண்டி என்றால் அந்த வரியை முதல் ஓனர் கட்டி முடித்திருப்பார். இங்கேதான் பலருக்கு ஆசை வருகிறது.

ஆனால், சென்னைக் கடற்கரையோரம் டீசல் வண்டி வாங்குபவருக்கு மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத சில கவலைகள் உண்டு. அதைப் பார்ப்பதற்கு முன் ஒரு கணக்கு.

டீசல் இன்னும் லாபமா?

2010 ஜூனில் பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. டீசலுக்கு 2014 அக்டோபரில்தான் நீங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் டீசல் லிட்டருக்கு 20 ரூபாய்க்கும் மேல் மலிவாகக் கிடைத்தது. ஊரே டீசல் கார் வாங்கியது அப்போதுதான். இன்று சந்தைக்கு வரும் பழைய டீசல் வண்டிகளில் பல அந்த அலையில் வந்தவை. அந்த இடைவெளி இப்போது இல்லை. சென்னையில் அண்மை ஆண்டுகளில் இரண்டுக்கும் இடையே வித்தியாசம் சுமார் 8 ரூபாய்தான்.

ஒரு உதாரணம். பெட்ரோல் எஸ்.யூ.வி நகரத்துக்குள் லிட்டருக்கு 11 கி.மீ., டீசல் 14 கி.மீ. கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 92 ரூபாய் 50 காசு. மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் டீசலில் சுமார் 2,500 ரூபாய் மிச்சம். பாலவாக்கத்திலிருந்து அடையாறில் பிள்ளைகளை ஸ்கூலில் விட்டுவிட்டு, வாரம் ஒருமுறை தி.நகர் போய் வருகிற குடும்பம் என்றால் மாதம் 400 கி.மீ. தேறலாம். மிச்சம் ஆயிரம் ரூபாய், வருடத்துக்கு 12 ஆயிரம். பல மாடல்களில் ஒரே ஒரு இன்ஜெக்டரின் விலை அதைத் தாண்டிவிடும்.

ஆக, நெடுந்தூரம் அடிக்கடி போகிறவர்களுக்கு டீசல் சரி. லோடு ஏற்றி மலை ஏறினாலும் இழுவை குறையாது என்பது டீசலின் பெரிய பலம். ஈ20 பெட்ரோல் பற்றிய தலைவலியும் டீசலுக்கு இல்லை. ஸ்கூலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும்தான் வண்டி என்றால், பெட்ரோலே போதும். அதற்குக் காரணம் எரிபொருள் செலவு மட்டுமில்லை.

டி.பி.எஃப். என்ற வடிகட்டி

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பி.எஸ்.6 வண்டிகள்தான் புதிதாக விற்கப்படுகின்றன. பி.எஸ்.6 டீசல் கார்களின் புகைக்குழாய் அமைப்பில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கும். புகையில் உள்ள கரித்துகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, சூடு ஏறியதும் அதைத் தானே எரித்துவிடும். அந்தச் சூடு வர, வண்டி 60 கி.மீ. வேகத்துக்கு மேல் 15-20 நிமிடம் தடையில்லாமல் ஓட வேண்டும்.

திருவான்மியூர் சிக்னலில் நின்று நின்று போகிற வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. கரி சேர்ந்துகொண்டே போகும், டேஷ்போர்டில் விளக்கு எரியும், கடைசியில் இழுவை குறைந்து வண்டி நொண்டும். கோவளம் தாண்டி மாமல்லபுரம் வரை வாரம் ஒருமுறை ஓட்டினாலே பெரும்பாலும் இந்தப் பிரச்சினை தீரும். அதைச் செய்யாமல் விட்டவர்கள், வடிகட்டியை மாற்றினால் பெரிய செலவு என்று பயந்து, உள்ளே இருப்பதை வெட்டி எடுத்துவிட்டு சாஃப்ட்வேரை மாற்றி ஓட்டுவதும் உண்டு. அப்படிச் செய்வது சட்டப்படி தவறு. வாங்குகிறவர் தலையில்தான் அது விடியும்.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. வண்டி ஆறியிருக்கும்போது புகைக்குழாயின் உள்பக்கத்தை ஒரு வெள்ளை டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள். டி.பி.எஃப். ஒழுங்காக வேலை செய்யும் வண்டியில் பெரிதாகக் கரி ஒட்டாது. மை போலக் கறுப்பாக வந்தால் விசாரிக்க வேண்டிய விஷயம். இன்னொன்று ஆயில் டிப்ஸ்டிக். அளவு அதிகபட்சக் கோட்டுக்கு மேலே இருந்து டீசல் வாடை அடித்தால், கரியை எரிக்கும் முயற்சி பாதியிலேயே பலமுறை நின்று, டீசல் ஆயிலில் கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஆயில் கூடுதலாக இருப்பது நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம், எஞ்சின் தேய்மானம் அங்கேதான் ஆரம்பம்.

பி.எஸ்.4 வண்டிகளில் பெரும்பாலும் இந்த வடிகட்டி கிடையாது. பராமரிப்பு எளிது. அதனாலேயே 2017-2019 மாடல்களை மெக்கானிக்குகள் சிபாரிசு செய்கிறார்கள். மஹிந்திரா எக்ஸ்.யூ.வி.700 டீசல் போன்ற புதிய வண்டிகளில் ஆட்புளூ என்ற யூரியா திரவமும் ஊற்ற வேண்டும். அது தீர்ந்துபோய் எஞ்சினை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. வாங்கும்போதே அதன் அளவைக் கேட்டுவிடுங்கள்.

கடல் காற்று என்ன செய்யும்?

பாலவாக்கத்தில் மாடியில் காயப்போட்ட துணி மாட்டும் இரும்புக் கொக்கி எத்தனை மாதம் தாங்கும் என்று அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். அதே காற்றுதான் வண்டிக்கும். ஐந்தாறு வருடம் கடலோரத் தெருவில், கூரையில்லாமல் நின்ற எஸ்.யூ.வி மேலே பார்க்க ஜோராக இருக்கும். பாலிஷ் போட்டால் கண்ணாடி மாதிரி மின்னும். துரு அடியில் இருக்கும்.

அதனால் ஷோரூம் தரையில் வைத்து வண்டி பார்ப்பதில் பாதி வேலைகூட முடியாது. லிஃப்ட் இருக்கும் ஒர்க்ஷாப்புக்கு எடுத்துப் போய்த் தூக்கிப் பார்க்க வேண்டும். சஸ்பென்ஷன் ஆர்ம்கள், எஞ்சினைத் தாங்கும் சட்டம், பிரேக் ஆயில் போகும் மெல்லிய குழாய்கள், சைலன்சர் இணைப்புகள், கதவின் அடி விளிம்பு. மேலோட்டமான செம்பழுப்பு நிறம் சென்னையில் சகஜம், பயப்பட வேண்டாம். ஸ்க்ரூடிரைவர் முனையால் மெல்லத் தட்டினால் செதில் செதிலாக உதிர்கிறதா என்பதுதான் கேள்வி. பிரேக் குழாயில் அப்படி இருந்தால் அதை மாற்றாமல் வண்டியை எடுக்கவே கூடாது.

அடிப்பகுதி முழுக்கப் புத்தம் புதிதாகக் கறுப்பு ரப்பர் கோட்டிங் அடித்திருந்தால் சந்தோஷப்பட அவசரம் வேண்டாம். விற்பனைக்கு முன்னால் அடித்தது துருவைத் தடுக்கவா, மறைக்கவா? கோட்டிங் அடித்த தேதிக்கு பில் கேளுங்கள். ஏ.சி.யும் கடலோரத்தில் சீக்கிரம் படுத்துவிடும். முன்னால் இருக்கும் கண்டென்சரின் அலுமினியத் தகடுகள் உப்பில் பொடிந்து கேஸ் கசியும். மதியம் 2 மணிக்கு, வெயிலில் நிறுத்தி ஏ.சி. போட்டுப் பார்ப்பதே நல்ல சோதனை.

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. பள்ளிக்கரணையில் குடியிருப்பு வளாகத்திலிருந்து கார்கள் பொம்மை மாதிரி மிதந்து போன வீடியோவை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த வண்டிகளெல்லாம் எங்கே போயின?

ரிப்பேர் செலவு, பாலிசியில் குறித்த ஐ.டி.வி. மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், இன்சூரன்ஸ் கம்பெனி அதை முழு இழப்பாகக் கணக்கிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடும். வண்டி ஏலத்துக்குப் போகும். உதிரி பாகத்துக்காக வாங்குபவர்களும் உண்டு, கழுவி, தையல் போட்டு, மறுபடி விற்பவர்களும் உண்டு. வேறு மாவட்டத்தில் போய் விற்பதும் நடக்கும். இன்சூரன்ஸ் இல்லாமல் சொந்தக் காசில் சரிசெய்த வண்டி என்றால் எந்த ரெக்கார்டிலும் இருக்காது.

டீசல் எஞ்சினுக்குத் தண்ணீர் கூடுதல் ஆபத்து. டீசல் எஞ்சினில் காற்றை அழுத்தும் விகிதம் பெட்ரோலைவிட அதிகம். சிலிண்டருக்குள் தண்ணீர் போனபின் யாராவது சாவியைத் திருப்பினால், தண்ணீர் அழுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். வளைந்த ராடோடு சில காலம் ஓடி, பிறகு நடுரோட்டில் உடையலாம். எலக்ட்ரானிக்ஸ் கோளாறு இன்னும் மோசம். இன்று கண்ணாடி இறங்காது, நாளை ஏர்பேக் விளக்கு எரியும், மறுநாள் இரண்டும் சரியாக இருக்கும்.

சீட் பெல்ட்டை முழுவதுமாக, கடைசி வரை வெளியே இழுங்கள். அடிப்பக்கத்தில் சேற்றுக் கோடு தெரிந்தால் அந்த உயரம் வரை தண்ணீர் நின்றிருக்கிறது. சீட் கவரை மாற்றுகிறவர்கள் பெல்ட்டை மாற்றுவது அரிது. சீட் நகரும் தண்டவாளம், ஸ்டெப்னி வைக்கும் குழி, டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் வயர் கனெக்டர்கள் என்று டார்ச் அடித்துப் பாருங்கள். செம்புக் கம்பியில் பச்சை பூத்திருக்கிறதா? காரைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கிற ஏர் ஃபிரெஷ்னர் வாசனையும் ஒரு தகவல்தான்.

பேப்பரிலும் ஒரு துப்பு இருக்கிறது. 2024-ல் புதுப்பித்த பாலிசியை வாங்கிப் பார்த்து, 'நோ கிளைம் போனஸ்' எத்தனை என்று கவனியுங்கள். கிளைமே இல்லாத வண்டிக்கு அது 20, 25, 35, 45 என்று ஏறி 50 சதவீதத்தில் நிற்கும். ஒரே ஓனரிடம் பல வருடம் இருந்த வண்டிக்குத் திடீரென்று பூஜ்யம் என்றால், முந்தைய ஆண்டு கிளைம் வாங்கியிருக்கிறார், அல்லது பாலிசியை விட்டுவிட்டிருக்கிறார். ஏன் என்று கேளுங்கள்.

எஞ்சினை எப்படிப் பார்ப்பது?

காலையில், வண்டி சூடேறாத நேரத்தில் போங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் பானெட்டில் கை வைத்தால் தெரிந்துவிடும், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். குளிர்ந்த எஞ்சின் ஒரே சுற்றில் பிடிக்க வேண்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் இன்ஜெக்டர், டர்போ அல்லது காற்றுக் குழாயில் குறை. வெள்ளைப் புகை விடாமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், ரயில் எஞ்சின் மாதிரி குபுகுபுவென்று புகை வருவது நல்லதில்லை, பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம்.

கிலோமீட்டரை மாற்றுவது இன்றைக்கு லேப்டாப்பில் முடியும் வேலை. மீட்டரை நம்பாமல், பதிவு எண்ணைக் கொடுத்து அந்தக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் ரெக்கார்ட் கேட்கச் சொல்லுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். 30 ஆயிரம் கி.மீ.தான் ஓடியது என்று சொல்லும் வண்டியில் ஏற்கெனவே இரண்டாவது செட் டயர் இருந்தால்? பதில் விற்பவர்தான் சொல்ல வேண்டும்.

இன்னோவாவில் ஒரு தனி எச்சரிக்கை. டாக்ஸியாக ஓடி, பிறகு ஓன் போர்டுக்கு மாற்றிய வண்டிகள் ஏராளம். வண்டி கெட்டியானது என்பதால் அதுவே குற்றமில்லை, ஆனால் விலை அதற்கேற்பக் குறைய வேண்டும். ரெனோ டஸ்டர் டீசலில் டைமிங் பெல்ட் மாற்றிய பில் இல்லாவிட்டால், அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். பெல்ட் அறுந்தால் எஞ்சினே போகும். ஃபோர்டு எண்டேவர், எக்கோஸ்போர்ட் இரண்டும் நம்ம மறைமலை நகரில் செய்தவை. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. சர்வீஸ் தொடர்கிறது என்றாலும், வாங்குமுன் ஸ்பேர் கிடைக்கும் நிலவரத்தை விசாரிப்பது நல்லது. எல்லாவற்றுக்கும் புதுப்பேட்டை இருக்கிறதே என்று நம்பி வாங்க வேண்டாம். கண்ணாடி, கதவு கிடைக்கும். எலக்ட்ரானிக் பாகங்களுக்கு உத்தரவாதம் கிடையாது.

டெல்லி வண்டி மலிவா கிடைக்குதே?

டெல்லி தலைநகர்ப் பகுதியில் 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025-ல் இந்த விவகாரம் மறுபடி நீதிமன்றம் போய் நிலவரம் மாறி மாறி வந்தது. அந்தக் குழப்பத்தில், 8-9 வயது ஃபார்ச்சூனர், எக்ஸ்.யூ.வி.500 எல்லாம் தெற்கே வருகின்றன. தமிழ்நாட்டில் அந்த 10 வருடத் தடை இல்லை. பதிவு 15 வருடம் செல்லும், பிறகு தகுதிச் சோதனை முடித்து ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம்.

விலை மலிவு உண்மைதான். ஆனால், முதல் பதிவான ஆர்.டி.ஓ.விடமிருந்து என்.ஓ.சி. வேண்டும். அது இல்லாமல் தமிழ்நாட்டு எண் கிடைக்காது. இங்கே வண்டியின் வயதுக்கேற்ப ஆயுள் வரி கட்ட வேண்டும். கட்டிய பிறகு கணக்குப் பார்த்தால் பல நேரம் உள்ளூர் வண்டியின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஈ.சி.ஆரில் அடிக்கடி தென்படும் புதுச்சேரி எண் வண்டிகளுக்கும் இதே கதைதான். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் எண் மாற்றியாக வேண்டும்.

ஆர்.சி.யில் யார் பெயர்?

இதுதான் பலர் அலட்சியம் செய்யும் இடம். ஒரு வழக்கைப் பாருங்கள். ஒருவர் 2007-ல் தன் காரை விற்றார். ஆர்.சி.யில் பெயர் மாறவில்லை. வண்டி அடுத்தடுத்துக் கைமாறியது. 2009-ல் அந்தக் கார் மோதி ஓர் உயிர் போனது. இழப்பீடு யார் கொடுப்பது? ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், அவர்தான் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. காரை விற்று இரண்டு வருடம் கழித்து நடந்த விபத்துக்கு அவர் பொறுப்பு!

வாங்குபவருக்கும் ஆபத்து குறைவில்லை. மூன்றாம் நபர் காப்பீடு தானாக உங்களுக்கு மாறிவிடும். ஆனால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு தானாக மாறாது. 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பழைய ஓனர் பெயரில் பாலிசி இருக்கும்போது ஒரு மழையில் வண்டி மூழ்கினால், கிளைம் நிராகரிக்கப்படலாம். பழைய ஓனரின் நோ கிளைம் போனஸும் உங்களுக்கு வராது, அது அவரோடு போய்விடும்.

படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குவது அடிப்படை. விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். லோன் இருந்திருந்தால், முடிந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது. படிவம் 35, பேங்க் என்.ஓ.சி. இரண்டும் வேண்டும். எம்-பரிவாகன் செயலியில் எண்ணைத் தட்டினால் லோன், இன்சூரன்ஸ், தகுதிச் சான்று நிலவரம் தெரியும். இ-சலான் பாக்கியையும் பார்த்துவிடுங்கள். டீலரிடம் விற்கிறவர்கள், 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள விதிப்படி, வண்டியை ஒப்படைத்ததை படிவம் 29சி மூலம் பதிவு செய்ய வேண்டும். 'ஓப்பன் லெட்டர்ல போட்டு வெச்சிருக்கோம் சார், யார் வாங்குறாங்களோ அவங்க பேருக்கு நேரா மாத்திடலாம்' என்று டீலர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மேலே சொன்ன வழக்கு அப்படித்தான் உருவானது.

பேரம் பேச ஒரு துருப்புச்சீட்டு

2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. குறைந்தது. பெரிய எஸ்.யூ.விகளுக்கு செஸ்ஸோடு சேர்த்து 50 சதவீதம் இருந்த வரி 40 ஆனது. நான்கு மீட்டருக்குள், 1,500 சி.சி.க்குள் இருக்கும் டீசல் கார்களுக்கு 31-லிருந்து 18. புதிய வண்டி விலை இறங்கினால் பழைய வண்டியும் இறங்க வேண்டும். அதற்கு முன் வாங்கிய விலையை வைத்துக் கணக்குச் சொல்லும் விற்பனையாளரிடம் இன்றைய புது விலைப் பட்டியலைக் காட்டுங்கள். பதிவு செய்த டீலர்கள் தங்கள் லாபத் தொகைக்கு மட்டும் 18 சதவீத ஜி.எஸ்.டி. கட்டுவார்கள். தனிநபரிடம் நேரடியாக வாங்கினால் அது கிடையாது.

அட்வான்ஸ் கொடுத்த அன்றே, தேதியும் நேரமும் போட்டு, இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட டெலிவரி நோட் எழுதிக்கொள்ளுங்கள். சிறிய வேலை ஒன்றையும் மறக்க வேண்டாம். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பழைய ஃபாஸ்டேகை விற்றவரை வைத்தே மூடச் சொல்லிவிட்டு, உங்கள் பெயரில் புதிதாக வாங்குங்கள். இல்லாவிட்டால், தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பரனூர் சுங்கச்சாவடியை நீங்கள் கடக்க, பணம் பழைய ஓனர் கணக்கில் கழியும். போன் அடுத்த நிமிடமே வரும்.